பரோக்னா என்ன? கிளேரிகோஸ் கோயில்ல நடந்துக்கிட்டே தெரிஞ்சுக்கலாம்

ஐரோப்பா போயிட்டு வந்தவங்க கிட்ட என்ன பாத்தீங்கன்னு கேட்டா "நிறைய சர்ச் பாத்தோம், எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்வாங்க. எனக்கு அதைக் கேக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அதெல்லாம் ஒரே மாதிரி கிடையவே கிடையாது, உள்ள போய் எதைப் பாக்கணும்னு யாரும் முன்கூட்டி சொல்லித் தரலை, அவ்வளவுதான். கைடு வந்து "இது பரோக் சர்ச்"னு ஒரு வார்த்தை சொல்லுவார், நாம தலையாட்டுவோம், நாலு போட்டோ எடுப்போம், பஸ் ஏறிடுவோம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்க பிரிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரே ஒரு கோயில் போதும், போர்ச்சுகல்ல போர்த்தோ ஊர்ல இருக்கற கிளேரிகோஸ் கோயில், அதோட மணிக்கூண்டு.

முதல்ல பேரு. பரோக்ங்கறது ஒரு கட்டடப் பாணி, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு ரெண்டு மூணு விளக்கம் உண்டு, அதுல அதிகமா சொல்றது போர்ச்சுகீசிய மொழியில "பர்ரோக்கோ"ன்னா உருண்டையா அமையாத கோணல் முத்துன்னு. முத்து விஷயம் நம்ம தூத்துக்குடி கடற்கரைக்காரங்களுக்கு புதுசு இல்ல, 1500கள்ல போர்ச்சுகீசியர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்ததே முத்துக்காகத்தான். நல்லா உருண்டு திரண்டிருக்கற முத்தை நம்ம ஆளுங்க ஆணிமுத்துன்னு சொல்வாங்க, அதை எந்தப் பக்கம் உருட்டினாலும் ஒரே முகம்தான். கோணல் முத்து அப்படி இல்ல, கையில வச்சு திருப்பத் திருப்ப வேற வேற உருவம் காட்டும், ஒரு பக்கம் வெளிச்சம் வழுக்கும், இன்னொரு பக்கம் ஒரு சின்ன பள்ளத்துல நிழல் தங்கும். 18ம் நூற்றாண்டுல பின்னாடி வந்த ரசனைக்காரங்க, நேர்கோடும் அளவும்தான் அழகுன்னு நம்பினவங்க, இந்த பாணியைத் திட்டறதுக்குத்தான் இந்தப் பேரை புழங்க ஆரம்பிச்சாங்க. ஆனா எனக்கு இதைவிட பொருத்தமான பேரு இருக்க முடியாதுன்னு தோணும். பரோக் கட்டடம் ஒரே இடத்துல நின்னு பாக்கறவனுக்குக் கட்டினது இல்ல, நடக்கறவனுக்குக் கட்டினது, நீங்க நகர நகர அதுவும் வேற வேற முகத்தைக் காட்டும். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

இது ஏன் வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1517ல ஜெர்மனியில மார்ட்டின் லூத்தர்ங்கற துறவி ஆரம்பிச்ச சீர்திருத்தத்துக்கு அப்புறம் ஐரோப்பாவுல நிறைய பேர் கத்தோலிக்க சபையை விட்டுப் போயிட்டாங்க, அதுக்கு பதில் சொல்ல 1545லேருந்து 1563 வரைக்கும் விட்டு விட்டு திரெந்து ஊர்ல கத்தோலிக்க ஆயர்களோட பெரிய சங்கம் கூடுச்சு. அதுல சிற்பமும் சித்திரமும் தப்பில்ல, சாதாரண ஜனங்களுக்கு விசுவாசத்தைச் சொல்லித் தர்றதுக்கு அது வேணும்னு முடிவாச்சு. அடுத்து கட்டின கோயில்கள்ல அந்த எண்ணம் அப்படியே இறங்குச்சு: படிக்கத் தெரியாதவங்க கூட உள்ள நுழைஞ்ச உடனே சிலிர்த்துப் போகணும். ரோம்ல 1568ல ஆரம்பிச்ச ஜேசு கோயில் வழி காட்டுச்சு, 1600கள்ல பெர்னினி, பொரோமினி மாதிரி கட்டடக் கலைஞர்கள் கல்லை வளைச்சாங்க, முட்டை வடிவத்துல கோயில் கட்டினாங்க, கட்டடமே மூச்சு விடற மாதிரி சுவரை உள்ள வெளிய அலையா ஓட விட்டாங்க.

போர்ச்சுகலுக்கு இது கொஞ்சம் தாமதமாத்தான் முழுசா வந்துச்சு, ஆனா வந்தப்ப கையில காசு இருந்துச்சு. 1690கள்ல பிரேசில்ல தங்கம் கண்டுபிடிச்சாங்க, அந்தத் தங்கம் கப்பல் கப்பலா லிஸ்பன்ல இறங்குச்சு, 1706லேருந்து 1750 வரைக்கும் ஆண்ட ஐந்தாம் ஜுவாங் ராஜா காலத்துல நாடு பூரா கோயிலும் மடமும் அரண்மனையும் எழும்புச்சு. அந்தத் தங்கத்தை வெட்டி எடுத்தது ஆப்பிரிக்காலேருந்து பிடிச்சுக்கிட்டுப் போன அடிமைகள், அந்த மினுமினுப்பைப் பாக்கும்போது இதையும் சேத்து நினைக்கணும்னு நான் நினைக்கறேன்.

சரி, கிளேரிகோஸ். "கிளேரிகோ"ன்னா குருவானவர். போர்த்தோ ஊர்ல ஏழைப்பட்ட, நோயில விழுந்த, கவனிக்க ஆளில்லாத குருக்களுக்கு உதவி பண்றதுக்கு, செத்தா மரியாதையா அடக்கம் பண்றதுக்கு தனித்தனியா மூணு சபைகள் இருந்துச்சு, 1707ல அது மூணும் ஒண்ணாச் சேந்து ஒரே சகோதர சபையாச்சு. அவங்களுக்கு சொந்தமா கோயில் இல்ல. கடைசில கிடைச்ச இடம் ஊர் மதிலுக்கு வெளிய ஒரு மேடு, தூக்குல போட்ட குற்றவாளிகளைப் புதைக்கற இடம், யாரும் விரும்பிப் போகாத இடம். போதாக்குறைக்கு அந்த மனை ஒடுக்கமா நீளமா இருந்துச்சு, ஒரு ரிப்பன் மாதிரி.

அந்த மனையில கோயில் கட்ட அவங்க பிடிச்ச ஆள் நிக்கொலாவ் நசோனி. 1691ல இத்தாலியில தஸ்கனி பக்கம் பிறந்தவர், ஆரம்பத்துல இவர் ஓவியர், மால்டா தீவுல சுவர்ச் சித்திரம் வரைஞ்சுட்டு 1725ல போர்த்தோ பேராலயத்துல பெயிண்டிங் வேலைக்கு வந்தார், அப்புறம் ஊரைவிட்டே போகலை. இவர் ஓவியரா இருந்தவர்ங்கறது முக்கியம், ஏன்னா சமதளமான சுவர்ல தூண் இருக்கற மாதிரி, வானம் திறந்த மாதிரி வரைஞ்சு கண்ணை நம்ப வைக்கிற வித்தை கையில இருந்த மனுஷன், அந்தக் கண்ணோடதான் கல்லையும் பாத்திருக்கார். 1732ல அடிக்கல் போட்டு, 1750 வாக்குல கோயில் முகப்பு முடிஞ்சு, 1754ல மணிக்கூண்டு ஆரம்பிச்சு 1763ல முடிச்சாங்க. நடுவுல 1755ல லிஸ்பனை பூகம்பம் தரைமட்டமாக்குச்சு, வடக்க இருந்த போர்த்தோ தப்பிச்சுது. அந்த சகோதர சபையிலயே நசோனி ஒரு உறுப்பினரா சேந்தார், 1773ல இறந்தப்ப இதே கோயில்லதான் அடக்கம் பண்ணாங்க. ஏழைக் குருக்களை அடக்கம் பண்றதுக்குன்னு உண்டான இடம், அதைக் கட்டின ஆளையும் ஏத்துக்கிச்சு.

இப்ப நடக்கலாம். தயவுசெஞ்சு கோயில் வாசல்ல டாக்சில போய் இறங்காதீங்க. கிழக்க இருக்கற 31 ஜனேய்ரோ தெரு மேட்டுலேருந்து ஆரம்பிங்க. அந்தத் தெரு சரசரன்னு பள்ளத்துல இறங்கும், எதிர்ல கிளேரிகோஸ் தெரு மறுபடி மேட்டுல ஏறும், அந்த மேட்டோட உச்சியில கோயில் முகப்பு நிக்கும், அதுக்குப் பின்னாடி மணிக்கூண்டு எட்டிப் பாக்கும். தூரத்துலேருந்து பாத்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டடம் மாதிரித் தெரியும். நீங்க பள்ளத்துல இறங்கி மறுபடி ஏற ஆரம்பிச்சா முகப்பு பெருசாகிட்டே வரும், மணிக்கூண்டு மெதுவா அது பின்னாடி இறங்கிட்டே போகும், வாசல்ல போய் நிக்கும்போது கோபுரத்தையே காணோம்! பக்கவாட்டுச் சந்துல திரும்பினாதான் மறுபடி தலையைத் தூக்கும், அப்பதான் தெரியும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு வீடே இருக்குன்னு. அதுதான் சகோதர சபையோட வீடு, நோயாளிக் குருக்களைப் பாத்துக்கிட்ட இடம். முன்னாடி கோயில், நடுவுல வீடு, கடைசில மணிக்கூண்டுன்னு ஒடுக்கமான மனையை ஒரே வரிசையா நிரப்பிட்டார் மனுஷன். வேற யாராவது இருந்தா மனை சரியில்லைன்னு புலம்பியிருப்பாங்க.

முகப்புக்கு முன்னாடி படிக்கட்டு நேரா ஏறாது, ரெண்டு பக்கமா பிரிஞ்சு திரும்பித் திரும்பி ஏறும். பத்தடி நடந்தா ஒரு திருப்பம், ஒவ்வொரு திருப்பத்துலயும் முகப்பு வேற கோணத்துல தெரியும். கோணல் முத்தை கையில திருப்பற மாதிரி இங்க நம்மளைத் திருப்பி விடறாங்க.

முகப்புல என்ன பாக்கணும்? ஜன்னலுக்கும் வாசலுக்கும் மேல கூரை மாதிரி ஒரு முக்கோணமோ வளைவோ வைப்பாங்க இல்லையா, பழைய ரோமானியக் கட்டடத்துல அது முழுசா மூடியிருக்கும். பரோக்ல அதை நடுவுல பிளந்துடுவாங்க, அந்தப் பிளவுல ஒரு கிரீடமோ சிலையோ கேடயமோ முளைச்சு நிக்கும். அடுத்து தூண்கள் சுவரோட தட்டையா ஒட்டி நிக்காம கொஞ்சம் முன்ன வரும் கொஞ்சம் பின்ன போகும், அதனால வெயில் சாய சாய நிழல் நகரும். அப்புறம் கல்லுல செதுக்கின பூமாலைகள். இங்க ஒரு நிமிஷம் கிட்டப் போய்ப் பாருங்க. இது பளிங்கு இல்ல, போர்த்தோ கருங்கல், கிரானைட். கைய வச்சா சொரசொரன்னு இருக்கும், உள்ள மைக்கா துகள் வெயில்ல மினுக் மினுக்னு தெரியும். இந்தக் கல்லுல மெல்லிசா நுணுக்கமா செதுக்கினா உதிந்துடும், அதனால மாலையெல்லாம் தடிமனா, ஆழமா, கை நீட்டிப் பிடிக்கற மாதிரி செதுக்கியிருக்காங்க. ரோம்ல பளிங்குல பண்ணினதை அப்படியே காப்பி அடிக்காம, இந்த ஊர்க் கல்லு எதைத் தாங்குமோ அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணது, எனக்கு இந்தக் கோயில்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

உள்ள போங்க. நுழைஞ்ச உடனே நடுவுக்கு ஓடாதீங்க, வாசல் ஓரமா ஒரு நிமிஷம் நில்லுங்க, கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் சுவரை ஒட்டி மெதுவா ஒரு சுத்து. இந்தக் கோயிலோட நடுப்பகுதி முட்டை வடிவம், போர்ச்சுகல்ல இந்த வடிவத்துல கட்டின முதல் கோயில்கள்ல இது ஒண்ணு. வட்டமா இருந்தா நடுவுல ஒரே மையம், அங்க போய் நின்னா எல்லாம் சரிசமமா தெரியும், கண்ணு அடங்கிடும். முட்டை வடிவத்துல அப்படி ஒரு இடமே கிடையாது. சுவர் உங்க கிட்ட வரும், விலகும், மறுபடி வரும், கண்ணு எங்கயும் தங்காம வழுக்கிட்டே போய் கடைசில பீடத்துல போய் நிக்கும். அதுக்குத்தான் அந்த வடிவம். பீடம் பல நிறப் பளிங்கு, படிப்படியா மேல போகற சிம்மாசனம் மாதிரி, உச்சியில விண்ணேற்பு மாதா, நம்ம பக்கத்துல பரலோக மாதான்னு சொல்றவங்க. அதோட ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா 18ம் நூற்றாண்டு ஆர்கன் ரெண்டு இருக்கு. அது வாசிக்கும்போது நீங்க உள்ள இருந்தா அதிர்ஷ்டம், இடப் பக்கமும் வலப் பக்கமும் சத்தம் மாறி மாறி வந்து நடுவுல உங்க தலைக்கு மேல சேரும்.

வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு தேடுங்க. பரோக்ல ஜன்னலை நம்ம கண்ணு மட்டத்துல வைக்கமாட்டாங்க, மேல, வளைவுக்கு அடியில வைப்பாங்க, ஜன்னல் தெரியாது, வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் தெரியும். அதனால தங்கமும் பளிங்கும் தானா ஒளி விடற மாதிரி இருக்கும். (ஜன்னல்ங்கற வார்த்தையே அங்கேருந்து வந்ததுதான், அந்த ஊர்ல ஜனேலா. அலமாரி, மேசை, சாவி எல்லாம் அப்படித்தான். அந்தத் தெருவுல நடக்கும்போது கடைப் பலகையில நமக்குத் தெரிஞ்ச வார்த்தை வந்து நிக்கறது தனி சந்தோஷம்.)

ஐரோப்பாவுல கோத்திக்னு இன்னொரு பழைய கட்டடப் பாணி உண்டு, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நிறைய பேர் கேப்பாங்க. சென்னை சாந்தோம் கோயிலை நினைச்சுக்கோங்க, அந்த இடத்துல முதல்ல கோயில் கட்டினது போர்ச்சுகீசியர்தான், ஆனா இப்ப இருக்கறது 1896ல முடிச்ச கோத்திக் பாணிக் கட்டடம். கூர்மையான வளைவு, ஊசி மாதிரி கோபுரம், எல்லாக் கோடும் நேரா மேல போகும். பரோக்ல கோடு வளையும், உருளும், சுருளும். கோவா பாம் ஜீசஸ் பசிலிக்கா போயிருக்கீங்களா, 1594ல ஆரம்பிச்சு 1605ல முடிச்சது, அந்த முகப்புல பரோக் தொடங்கறதைப் பாக்கலாம். கிளேரிகோஸ் அதே நாட்டுக்காரங்க ஒன்றரை நூற்றாண்டு கழிச்சு முழுசா கை வந்த அப்புறம் கட்டினது.

இப்ப மணிக்கூண்டு. 75 மீட்டருக்கு மேல உயரம், ஆறு நிலை, 225 படி. டிக்கெட் வாங்கி நடுவுல இருக்கற வீட்டுக்குள்ள புகுந்துதான் போகணும். முதல்ல படி பரவாயில்லாம இருக்கும், மேல போகப் போக சுருங்கும், சுத்திச் சுத்தி ஏறும், இறங்கறவங்க வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டி நின்னு வழி விடணும். முழங்கால் வலி இருக்கறவங்க, அடைஞ்ச இடம்னா பயப்படறவங்க யோசிச்சு ஏறுங்க, நடுவுல திரும்பறது கஷ்டம். பெரிய பையைக் கொண்டு போகாதீங்க. காலையில திறந்த உடனே போனா கூட்டம் கம்மி.

மணி இருக்கற நிலைக்கு வந்ததும் கொஞ்சம் நில்லுங்க, நிறைய பேர் உச்சிக்குப் போற அவசரத்துல இதைத் தாண்டிப் போயிடறாங்க. இங்க 49 மணி இருக்கு. நம்ம ஊர் கோயில்ல கயித்தை இழுத்து அடிக்கற மணி ஆடும், நாக்கு போய் மோதும். ஆனா இந்த மாதிரி வரிசையா ராகம் வாசிக்கற மணிகளுக்கு காரியோன்னு பேரு, குறைஞ்சது 23 மணி இருந்தாதான் அந்தப் பேரு. இதுல மணி ஆடாது, கட்டிப் போட்ட மாதிரி அசையாம தொங்கும், நாக்கோ சுத்தியலோ மட்டும் வந்து தட்டும். ஆள் உக்காந்து வாசிக்கறதா இருந்தா பியானோ மாதிரி கட்டை இருக்கும், ஆனா விரல் பத்தாது, கையை முஷ்டி மடக்கி மரக்கட்டையை குத்தணும், பெரிய மணிக்குக் காலால மிதிக்கணும்.

மணி வார்க்கறது வெண்கலத்துல, நூத்துக்கு எழுபத்தெட்டு பங்கு செம்பு, மீதி தகரம்னு ஒரு கணக்கு. தகரம் கூடினா ஓசை பிரகாசமா இருக்கும், ரொம்பக் கூடினா மணி வெடிச்சிடும். ஒரே அச்சுல மணியை ரெண்டு மடங்கு அகலமா பண்ணினா சுருதி ஒரு ஸ்தாயி கீழ இறங்கும், ஆனா எடை எட்டு மடங்காயிடும், அதனாலதான் கீழ் சுருதி மணி எல்லாம் அவ்வளவு பெருசு. மணியோட உதட்டைக் கிட்டப் பாருங்க, மத்த இடமெல்லாம் மங்கிப் போயிருக்க, சுத்தியல் படற இடம் மட்டும் வெண்கல நிறத்துல தேய்ஞ்சு தெரியும். அது மேல ஒரு அடி விழுந்தா கேக்கறது ஒரே ஸ்வரம் இல்ல, ஒரே நேரத்துல நாலஞ்சு ஸ்வரம் எழும்பும், அதுல ஒண்ணு மேற்கத்திய இசையில மைனர் தேர்டுன்னு சொல்றது, நம்ம கணக்குல ஸாவோட சாதாரண காந்தாரம் சேந்த மாதிரி. மணி ஓசையில சந்தோஷத்துக்கு அடிச்சாலும் உள்ள ஒரு ஏக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கே, அதுக்கு இது ஒரு காரணம். அடி ஓஞ்ச அப்புறமும் அடியில ஒரு ம்ம்ம்னு நீண்டுக்கிட்டே இருக்கும், அது காதை விட நெஞ்சுலதான் கேக்கும். மேல நிக்கும்போது மணி அடிச்சுட்டா காதைப் பொத்திக்கோங்க, குழந்தைங்க இருந்தா அவங்க காதை முதல்ல பொத்துங்க.

அந்தக் காலத்துல மணி ஊரோட கடிகாரம். காலை, மதியம், சாயங்காலம்னு மூவேளை செபத்துக்கு மணி, கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, சாவுக்கு ஒரு மாதிரி. கோயிலுக்குள்ள வராதவனுக்கும் மணி எட்டும், வயல்ல நிக்கறவனுக்கும் படகுல இருக்கறவனுக்கும் எட்டும். கண்ணுக்கும் அப்படித்தான், தோரு ஆத்து முகத்துல நுழையற கப்பல்காரங்க இந்தக் கோபுரத்தைத்தான் அடையாளமா வச்சுக்கிட்டு வருவாங்களாம்.

உச்சில நின்னு தெக்க பாத்தா ஓட்டுக் கூரையெல்லாம் சரிஞ்சு ஆத்துல இறங்கும், ஆத்துக்கு அக்கரையில கயா ஊரோட போர்ட் ஒயின் கிடங்குகள். அங்க ஒயின் அளக்கற கணக்கே "பீப்பா"தான், ஒரு பீப்பா 550 லிட்டர், நம்ம பீப்பாய் அந்த வார்த்தைதான். 1917ல ஸ்பெயின் நாட்டு அப்பாவும் மகனும் ரெண்டு பேர் இந்தக் கோபுரத்துல படி வழியா இல்லாம வெளிப்பக்கமா கல்லைப் பிடிச்சே ஏறி, உச்சில உக்காந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டிருக்காங்க, ஒரு பிஸ்கட் கம்பெனி விளம்பரத்துக்காக. கீழ தெரு பூரா ஜனம் நின்னு பாத்திருக்கு. அந்தக் கைப்பிடிச் சுவர் கிட்ட நின்னு கீழ பாத்தா அதை நினைச்சு வயித்தைக் கலக்கும்.

நேரம் இருந்தா இறங்கின அப்புறம் ஆத்துப் பக்கம் இருக்கற சாவ் பிரான்சிஸ்கோ கோயிலுக்கும் போங்க. வெளிய அமைதியான கோத்திக், உள்ள போனா சுவரே தெரியாத அளவுக்கு மரத்துல செதுக்கி தங்க ரேக் ஒட்டின கொடி, திராட்சை, பறவை, சம்மனசு. கிளேரிகோஸ்ல பரோக்கோட வடிவத்தைப் பாத்தீங்கன்னா இங்க அதோட அலங்காரத்தைப் பாக்கலாம். எனக்கு கிளேரிகோஸ்தான் நெருக்கம், ஆனா நிறைய பேருக்கு இது பிடிக்கும்.

சாயங்காலம் மறுபடி அந்த 31 ஜனேய்ரோ தெரு மேட்டுக்கு வாங்க. காலையில வெயில் முகப்பு மேல இருந்துச்சு, இப்ப சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி, முகப்பு பூரா நிழல்ல, செதுக்கல் ஒண்ணும் தெரியாது, கோபுரத்தோட ஓரக்கோடு மட்டும் வானத்துல கருப்பா நிக்கும். நீங்க ஏறின ஒவ்வொரு நிலையும் அந்தக் கோட்டுல எங்க இருக்குன்னு இப்ப உங்களால கை காட்ட முடியும்.